சம்பளத் துண்டும் ஊசி அச்சுப்பொறியும்: தோட்ட அலுவலகக் கருவியொன்று பற்றிய சில குறிப்புகள்

மலையகத் தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றி எழுதப்புகுவோர் கொழுந்துக் கூடையையும் லயத்தையும் பிரட்டுக்களத்தையும் பற்றிப் பேசுவர். தாளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆயினும் இம்மக்களின் வரலாற்றைத் தாள்களின் வரலாறாகவே எழுதிவிடலாம் எனத் தோன்றுகின்றது. 1921 ஆம் ஆண்டுவரை நிலவிய துண்டு முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு கங்காணியும் அவனது கூட்டத்தாரும் தோட்டமொன்றை விட்டு நீங்கவேண்டுமாயின், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. அச்சீட்டுடன் கங்காணி வேறொரு துரையிடம் செல்வான். புதிய துரை கடனைக் கட்டுவார். கூட்டம் முழுவதும் கடனோடு கைமாறும். தமது பெயரில் எழுதப்பட்ட கடன் எவ்வளவு என்பதை அத்தாளைப் படித்து அறியும் வாய்ப்பு அவர்களுட் பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. பின்னர் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது; அது தந்தையும் பாட்டனும் எங்கே பிறந்தனர் என்பதற்குத் தாள் கேட்டது. 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் விண்ணப்பப் படிவங்களே ஒரு குடும்பம் எந்நாட்டிற்குரியது என்பதைத் தீர்மானித்தன. துண்டு முறை ஒழிந்து நூறாண்டு கடந்துவிட்டது. எனினும் சம்பளச் சீட்டைத் துண்டு என்றே வழங்குவோர் இன்றும் தோட்டங்களில் உளர்.

இக்கட்டுரை அந்நீண்ட வரலாற்றை ஆராயப் புகவில்லை. அவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்த மாதச் சம்பளத் துண்டையும் அதனை அச்சிடும் பொறியையும் மட்டுமே நோக்குகின்றது. ஒரு பொறியிலே தாளேற்றுவது எவ்வாறு, அது பழுதுபட்டால் யாது செய்வது என்பன பல்கலைக்கழகச் சங்கமொன்றின் ஆய்விதழுக்கு ஏற்ற பொருளா என வாசகர் வினவக்கூடும். தன் உழைப்பின் கணக்கைத் தானே சரிபார்ப்பதற்குத் தொழிலாளியின் கைக்கு வரும் ஆவணம் அத்துண்டு ஒன்றே. அதில் ஓர் இலக்கம் மங்கினாலோ, ஒரு வரி கீழே இறங்கினாலோ சரிபார்த்தல் என்பதே இயலாமற் போகின்றது. பொருளியல் பேசுவோரும் தொழிற்சங்கம் பேசுவோரும் சம்பள விகிதத்தைப் பற்றி வாதிடுவர். விகிதம் தொழிலாளியைச் சென்றடையும் வழியில் ஒரு ரிபனும் ஒன்பது ஊசிகளும் நிற்பதை எவரும் கவனிப்பதில்லை.

கணக்கு எவ்வாறு உருவாகின்றது என்பதை முதலில் நோக்குவோம். காலையிற் பிரட்டுக்களத்தில் வேலை பகிரப்படுகின்றது. கணக்கப்பிள்ளை தமது பைச் செக்ரோலில் ஆட்களைக் குறிக்கின்றார். மலையில் நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை கொழுந்து நிறுக்கப்பட்டு, ஒவ்வொருவரின் பெயருக்கெதிரே கிலோ பதியப்படுகின்றது. ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்று கூறுவது தோட்டத்து வழக்கு. குறித்த அளவு கொழுந்து நிறைவுறாதபோது விழுவது 'அரைப்பேர்'. அரைநாட் சம்பளம் என்பதை இத்துணைச் சுருக்கமாகவும் கசப்பாகவும் கூறும் வேறொரு சொல்லை நாம் அறியோம். மலையில் எழுதப்பட்ட இக்குறிப்புகள் மாலையில் அலுவலகத்துக்கு வந்து செக்ரோலில் ஏறும். நெடுங்காலமாகச் செக்ரோல் என்பது மேசையை நிறைக்கும் ஒரு பெரிய புத்தகமாகவே இருந்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான காலத்திலும் அதன் உருவம் பெரிதும் மாறவில்லை. 1992 ஆம் ஆண்டில் முகாமைத்துவம் பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டதன் பின்னரே கணனிக் கணக்கு படிப்படியாகப் பரவலாயிற்று. கணனியோடு கூடவே வந்து சேர்ந்தது அச்சுப்பொறி.

துண்டில் இடம்பெறும் நிரல்களும் காலப்போக்கில் பெருகின. ஒரு காலத்தில் வேலைநாளும் விகிதமும் கழிவும் எழுதினாற் போதுமானதாயிருந்தது. 2016 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள்: அடிப்படை 500 ரூபா, வருகைக்கு 60 ரூபா, விலைப்பங்கு 30 ரூபா, உற்பத்தி ஊக்குவிப்பு 140 ரூபா, கூட்டினால் 730 ரூபா. வருகைக் கொடுப்பனவைப் பெறுவதற்கு வேலை வழங்கப்பட்ட நாள்களில் முக்கால் பங்கிற்கேனும் சமுகமளித்திருத்தல் அவ்வொப்பந்தப்படி வேண்டியிருந்தது. ஆகவே வேலைநாள் என்ற ஒரு நிரல் பிழைபடுமாயின் அதனுடன் வேறு நிரல்களும் பிழைபடும். கழிவுப் பக்கமோ இன்னும் நீளமானது: சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள், கோயிற் பணம் எனத் தொடர்ந்து செல்லும்.

ஓர் எடுத்துக்காட்டு கணக்கைச் செய்து பார்ப்போம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளத்தின் அடிப்படை 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அவ்விகிதப்படி ஒருவர் மாதத்தில் 20 பேர் வேலை செய்தார் எனக் கொள்வோம். சம்பளம் 27,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடமிருந்து கழிக்கப்படுவது நூற்றுக்கு 8, அதாவது 2,160 ரூபா. தோட்டம் தன் பங்காகச் செலுத்தவேண்டியது நூற்றுக்கு 12, அதாவது 3,240 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்குத் தோட்டம் செலுத்துவது நூற்றுக்கு 3. அது 810 ரூபா. சேமலாப நிதியிற் சேரவேண்டியது எல்லாமாக 5,400 ரூபா. இக்கூட்டல் பெருக்கல்களை லயத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையே செய்துவிடும். ஆனால் அப்பிள்ளைக்கு இலக்கம் தெளிவாகத் தெரியவேண்டும்.

இனிப் பொறிக்கு வருவோம். கடைக்காரரும் கிளாக்கர்மாரும் இதனை டொட் மெட்ரிக்ஸ் என்றே கூறுவர். தமிழிற் புள்ளி அச்சுப்பொறி எனலாம். நாம் ஊசி அச்சுப்பொறி என்ற பெயரை இங்கு விரும்புகின்றோம். ஏனெனிற் புள்ளி விளைவு மாத்திரமே, ஊசியே காரணம். பொறியின் அச்சுத்தலையில் மெல்லிய கம்பிகள் மேலிருந்து கீழாக நிறுத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு கம்பிக்கும் பின்னால் ஒரு மின்காந்தச் சுருள் உண்டு. மின்னோட்டம் பாயும்போது கம்பி முன்னே பாய்ந்து மையூட்டிய ரிபனைத் தாளின்மீது அடித்துவிட்டு மீளும். தலை இடம் வலமாக ஓட ஓட, எந்த ஊசி எக்கணத்தில் அடிக்கவேண்டும் என்பதைப் பொறியின் உள்ளமைந்த நினைவகம் தீர்மானிக்கின்றது. 1980 ஆம் ஆண்டில் ஜப்பானிய எப்சன் நிறுவனம் வெளியிட்ட எம்எக்ஸ் 80 என்னும் ஒன்பது ஊசிப் பொறி உலகெங்கும் பரவி, பின்னர் வந்தவற்றுக்கெல்லாம் ஒருவகையில் அளவுகோலாயிற்று. அதன் வழிவந்த எல்எக்ஸ் வரிசைப் பொறிகளை எமது நாட்டின் கடைகளிலும் அலுவலகங்களிலும் காணாதார் இலர்.

மைதெளிக்கும் பொறிகளும் லேசர்ப் பொறிகளும் மலிவாகக் கிடைக்கும் காலத்திலும் இப்பழைய பொறி ஏன் நிலைத்தது? அது தாளை அடிக்கின்றது என்பதே விடை. அடிப்பதால் ஒரே ஓட்டத்தில் இரண்டு மூன்று படிகளை எடுக்கலாம். ஒன்று தொழிலாளிக்கு, மற்றையது அலுவலகக் கோப்புக்கு. இரண்டும் ஒரே அடியிற் பிறந்தவை. ஆதலால் ஒன்றில் உள்ள இலக்கம் மற்றதிலும் இருந்தே தீரும். பின்னொரு நாளிற் பிணக்கு எழுந்தால் இச்சிறப்பின் பெறுமதி விளங்கும். மைநாடாவின் செலவு சொற்பம் என்பதும், தூசும் ஈரமும் நிறைந்த சூழலை இப்பொறி பொறுத்துக்கொள்ளும் என்பதும் ஏனைய காரணங்கள்.

ஒன்பது ஊசிகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அடுத்தடுத்த இரு ஊசிகளுக்கிடையேயுள்ள தூரம் அங்குலத்தின் 72 இல் ஒரு பங்கு. இலக்கங்களும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் மேலுள்ள ஏழு ஊசிகளாலேயே ஆக்கப்படுகின்றன. எட்டாவதும் ஒன்பதாவதும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளிற் கீழே வால் நீள்வனவற்றுக்கும் அடிக்கோட்டுக்கும் பயன்படுவன. எனவே ஒன்பதாவது ஊசி முறிந்தால் அடிக்கோடு மறையும், கணக்குக்குத் தீங்கில்லை. நான்காவது ஊசி முறிந்தால் நிலைமை வேறு. அது ஏழு ஊசிகளின் நடுவே நிற்பது. எட்டு என்னும் இலக்கத்தின் இடுப்பை அமைப்பது. இடுப்பிழந்த எட்டு பூச்சியம் போலத் தோன்றும். 18 பேர் வேலை செய்தவருக்கு 10 பேர் என்று துண்டு சொல்லும். முதலாவது ஊசி முறிந்தால் ஏழின் தலைக்கோடு மறைந்து, ஏழும் ஒன்றும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஹட்டனை அண்டிய தோட்டமொன்றில் வயோதிபர் ஒருவர் பல மாதத் துண்டுகளைப் பொலித்தீன் பையொன்றிற் சுற்றி வைத்திருந்து எமக்குக் காட்டினார். எல்லாத் துண்டுகளிலும், எல்லா வரிகளிலும், ஒரே உயரத்தில் மெல்லிய வெண்கோடு ஒன்று ஓடியது. “மெசின் அப்படித்தான் அடிக்கும், ஐயா” என்றார் அவர். அது பொறியின் இயல்பன்று, பொறியின் பழுது என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. எழுத்தின் ஊடே ஒரே உயரத்தில் இடையறாது வெண்கோடு ஓடுமாயின் ஊசி முறிந்தது அல்லது மையழுக்கு இறுகி ஊசி அசைய மறுக்கின்றது என்பது உறுதி. தலையைக் கழற்றித் துப்புரவாக்கியும் பயனில்லையாயின் மாற்றவேண்டும். அதுவரை அப்பொறியிற் சம்பளத் துண்டு அடிக்கலாகாது.

தாளேற்றும் முறைக்கு வருவோம். இப்பொறிக்குரியது தொடர்தாள், விசிறி மடிப்பாகப் பெட்டியில் அடுக்கப்பட்டு, இரு ஓரங்களிலும் அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிடப்பட்டிருக்கும். துளைகளிற் பொருந்தும் முளைகளைக் கொண்ட இரு பட்டிகள் பொறியின் பின்புறத்தில் உள்ளன. ட்ரக்டர் என்பது அவற்றின் பெயர். உழவுப் பொறிக்கும் இதற்கும் ஒரே பெயர் ஏனெனில் இரண்டும் இழுப்பவை.

முதலிற் பொறியை நிறுத்தவேண்டும். பக்கத்திலுள்ள தாள் நெம்பைத் தொடர்தாளுக்குரிய நிலைக்குத் தள்ளவேண்டும். அலுவலகங்களில் நேரும் தவறுகளுட் பெரும்பாலானவை இவ்விடத்திலேயே நிகழ்கின்றன. நெம்பு தனித்தாள் நிலையில் இருக்குமாயின் உருளை தாளை ஒருவிதமாகவும் முளைப்பட்டி வேறொரு விதமாகவும் இழுக்கும். துளைகள் கிழியும், தாள் கூனும். நெம்பைச் சரிசெய்தபின் இடது முளைப்பட்டியைத் தன் இடத்திற் பூட்டி, வலதைத் தளர்த்தி வைக்கவேண்டும். இரு பட்டிகளின் மூடிகளையும் திறந்து, தாளின் முதலாவது துளைகளை இரு பக்கத்திலும் சமமான முளைகளில் மாட்டி மூடவேண்டும். ஒரு பக்கம் ஒரு துளை முந்தினாலும் தாள் கோணலாக ஏறிச் சில பக்கங்களிற் சிக்கிக்கொள்ளும். பின்னர் வலது பட்டியைத் தாள் மட்டமாகும்வரை நகர்த்திப் பூட்டவேண்டும். மத்தளத்தின் தோல் போல இறுகக் கூடாது; கொடியிற் சேலை போலத் தொங்கவும் கூடாது. துளைகள் வட்டமாகவே தெரிந்தால் இழுவை சரி. நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அதிகம். இனிப் பொறியை இயக்கித் தாளேற்றும் பொத்தானை அழுத்தினால் தாள் தானாக அச்சிடும் இடத்துக்கு வந்து நிற்கும். உருளையின் கைப்பிடியைத் திருகுவது பொறி நிறுத்தப்பட்டிருக்கும்போது மாத்திரமே செய்யத்தக்கது.

தாட்பெட்டி பொறிக்கு நேர் பின்னால், முளைப்பட்டிகளுக்கு ஒத்த நேர்கோட்டில் இருத்தல் வேண்டும். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டுப் பெட்டியைப் பக்கவாட்டில் வைப்பதால் தாள் ஓரமாக இழுபட்டுக் கிழிவதைப் பல அலுவலகங்களில் காணலாம். அச்சிட்டு வெளிவரும் தாள் மீண்டும் பின்னால் விழுந்து உள்ளே இழுபடாதவாறும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவை யாவும் சரியாயிருப்பினும் துண்டு பிழைக்கலாம். அச்சு தாளில் எவ்விடத்தில் விழுகின்றது என்பதே இங்கு வினா. பொறி அங்குலத்துக்கு ஆறு வரி அடிக்கும். 11 அங்குலப் பக்கமொன்று 66 வரி கொள்ளும். அதனை மூன்று துண்டுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 22 வரி. கணனி நிரல் துண்டொன்றுக்கு 22 வரிக்குப் பதிலாக 23 வரி அனுப்புமாயின், முதலாவது துண்டு சரியாக இருக்கும். இரண்டாவது ஒரு வரி இறங்கும். மூன்றாவது இரண்டு வரி இறங்கும். 23 ஆவது துண்டில் 22 வரி இறங்கி, ஒருவரின் கணக்கு முழுமையாக அடுத்தவரின் துண்டில் விழும். இதே போன்று, பொறியின் பக்க நீளம் 12 அங்குலத்துக்கு, அதாவது 72 வரிக்கு, அமைக்கப்பட்டிருக்கப் பெட்டியில் இருப்பது 11 அங்குலத் தாளாயின், பக்கத்துக்குப் பக்கம் ஆறு வரி தவறும். எழுதுவினைஞர் சிலர் இதைக் கண்டு தாளைக் கையால் இழுத்துச் சரிசெய்வர். கையால் இழுப்பது பழுதை மறைக்குமேயன்றித் தீர்க்காது. அடுத்த பக்கத்தில் மீண்டும் இழுக்கவேண்டும். தவறு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே அளவாயின் அது பக்க நீளத்தின் தவறு. ஒழுங்கின்றி ஒரு பக்கத்தில் அரை வரியும் மறுபக்கத்தில் இரண்டு வரியும் எனத் தவறுமாயின் அது தாள் வழுக்கலின் தவறு. முளைப்பட்டியையும் நெம்பையும் பார்க்கவேண்டும். இவ்வேறுபாட்டை அறிந்தவர் அரைமணி நேர அலைச்சலைத் தவிர்ப்பர்.

தலைப்புகள் முன்கூட்டியே அச்சிடப்பட்ட தாள்களில் இத்தவறு மேலும் பாரதூரமானது. வெறுந்தாளாயின் முழுக்கணக்கும் சேர்ந்து இறங்கும்; வாசிக்கக்கூடியதாகவே இருக்கும். முன்னச்சுத் தாளில் ஒரு வரி இறங்கினால், சேமலாப நிதிக் கழிவு முற்பணம் என்ற தலைப்பின் கீழும், முற்பணம் சந்தா என்ற தலைப்பின் கீழும் வந்து அமரும். 2,160 ரூபா சந்தாவா என்று தொழிலாளி அலுவலக வாசலுக்கு வருவார். அல்லது வராமலே இருந்துவிடுவார். பின்னையதே கூடுதலாக நிகழ்வது என்பது எமது எண்ணம்.

மலைநாட்டுக்கென்றே உரிய இடையூறு ஈரம். ஹட்டன் கடல்மட்டத்துக்கு மேல் 4,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், தென்மேற்குப் பருவக்காற்று நேரே மோதும் சரிவில் உள்ளது; நுவரெலியா 6,000 அடிக்கும் மேலே. மே முதல் செப்டெம்பர் வரை அலுவலகச் சுவரே வியர்க்கும். தாள் இழைகளால் ஆனது. ஈரத்தை உறிஞ்சி விரியும். விரிந்த தாளின் துளைகள் முளைகளுக்கு நேரே நில்லா. பல படித் தாளில் மேற்படியும் கீழ்ப்படியும் வெவ்வேறு அளவில் விரிவதால் நடுவே புடைப்பு உண்டாகி அச்சுத்தலையில் உரசும். பரிகாரம் எளிது. பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்கலாகாது. பலகையின்மீது, சுவரிலிருந்து சற்று விலக்கி வைக்கவேண்டும். பாவித்து எஞ்சிய தாளைப் பெட்டியிலிட்டு மூடவேண்டும். களஞ்சியத்திலிருந்து கொண்டுவரும் பெட்டியை அச்சிடும் நாளுக்கு முந்திய நாளே அலுவலக அறையில் வைத்தால் அறையின் ஈரத்துக்குத் தாள் பழகிக்கொள்ளும். உலர்த்தவேண்டும் என்று தொழிற்சாலையின் வெப்ப அறைக்குக் கொண்டு செல்வதும் தவறு. மிகையாக உலர்ந்த தாள் மடிப்புகளிலே முறியும். ஒன்று சொல்லாமலிருக்க முடியவில்லை: வாட்டும் கொழுந்தின் ஈரத்தை மணிக்கணக்கிற் காத்து, உலர்ந்த தேயிலையின் ஈரம் நூற்றுக்கு மூன்றளவில் நிற்கவேண்டும் என்று விழித்திருக்கும் அதே தோட்டத்திலேதான் தொழிலாளியின் கணக்குத் தாள் ஈரத்தரையிற் கிடக்கின்றது.

தாளின் தடிப்புக்கேற்ப அச்சுத்தலைக்கும் உருளைக்கும் இடைப்பட்ட வெளியை மாற்றும் சிறு நெம்பு ஒன்றும் பொறியின் மூடிக்குக் கீழே உண்டு. ஒற்றைத் தாளிலிருந்து மூன்று படித் தாளுக்கு மாறும்போது அதனையும் மாற்றவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வெளி குறைந்தால் ரிபன் தாளில் உரசிக் கறை படியும். ஊசி நாடாவின் நெசவிற் சிக்கி வளையவும் கூடும். வெளி மிகுந்தால் மேற்படி ஓரளவு தெரிய, கீழ்ப்படி வெறுமையாகும். தொழிலாளிக்குக் கீழ்ப்படியைக் கொடுப்பதே வழக்கமாயுள்ள இடங்களில் இதன் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ரிபன் பற்றியும் ஓரிரு சொற்கள். அது நைலோன் துணியாலான முடிவற்ற வளையம், பெட்டிக்குள்ளே சுழன்றுகொண்டேயிருக்கும். எழுத்து முழுவதும் சீராக மங்கினால் ரிபன் தேய்ந்தது. ஒரு பகுதி மங்கி மறுபகுதி தெளிவாக இருந்தால் ரிபன் முறுக்கிக்கொண்டது, அல்லது சுழலாமல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. புதியது வாங்கும் செலவைத் தவிர்க்க இறப்பர் முத்திரை மையை ஊற்றிப் பழைய ரிபனை உயிர்ப்பிக்கும் பழக்கம் உண்டு. இது கேடு. ரிபன் மையில் ஊசிக்கு வேண்டிய எண்ணெய்த்தன்மையும் அடங்கியுள்ளது. முத்திரை மையோ உலர்ந்து இறுகி ஊசியை அதன் துளையிலேயே பிணித்துவிடும். நான்காவது ஊசியின் கதை அங்கிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றது. தலை ஓடும் தண்டுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவதும் இவ்வாறானதே. தொழிற்சாலைக்கு அண்மையிலுள்ள அலுவலகத்தில் தேயிலைத் தூசு அவ்வெண்ணெயிற் படிந்து பசையாகும். உலர்ந்த மென்துணியாற் துடைத்தலே போதுமானது.

பொறி அடிக்க மறுத்தாலோ புரியாத குறிகளை அடித்தாலோ, பழுது பொறியினதா கணனியினதா என்று முதலிற் பிரித்தறியவேண்டும். வரி நகர்த்தும் பொத்தானை அழுத்தியவாறே ஆளியைப் போட்டால், எல்எக்ஸ் வகைப் பொறிகள் தம்மைத் தாமே சோதித்து எழுத்து வரிசைகளை அச்சிடும். அச்சோதனை தெளிவாக வந்தாற் பொறியிற் குறையில்லை. வடத்தையும், கணனியில் எவ்வகைப் பொறி எனக் குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் நோக்கவேண்டும். சோதனையும் பிழைத்தாற் பொறியையே நோக்கவேண்டும். நிமிர்ந்த கோடுகள் அலையலையாக வந்தால், தலை இடப்புறம் செல்லும்போதும் வலப்புறம் செல்லும்போதும் அடிக்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதிருக்கின்றன. அதனைச் சீர்செய்யும் வழி கையேட்டில் உண்டு. அடித்து ஓய்ந்த தலையைத் தொடலாகாது, சுடும். இடிமுழக்கம் கேட்டால் ஆளியை நிறுத்துவது மாத்திரம் போதாது. மின்வடத்தைச் சுவரிலிருந்து கழற்றவேண்டும்.

மொழிப் பிரச்சினை இவையனைத்திலும் கடினமானது. துண்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றது. இதற்கு நிர்வாகத்தின் அக்கறையின்மை ஒரு காரணம். ஆயினும் அதுவே முழுக்காரணம் என்று கூறிவிடின் நாம் பொறியை விளங்கிக்கொள்ளவில்லை என்றே பொருள்படும். ஆங்கில எழுத்தின் வடிவங்கள் பொறியின் உள்ளேயே பதிந்துள்ளன. கணனி எழுத்தின் எண்ணை அனுப்பினாற் போதும். தமிழ் எழுத்து அங்கு இல்லை. ஆகவே தமிழை ஒரு படமாக, புள்ளி புள்ளியாக அனுப்பவேண்டும். மேலும் ஒன்பது ஊசிக்குள், மேலே விசிறியையும் கீழே சுழியையும் தாங்கிய தமிழெழுத்து அடங்குவதில்லை. 'கி' யின் விசிறிக்கும் 'மூ' வின் வாலுக்கும் இடம்விட்டால் நடுவே எழுத்தின் உடலுக்கு நாலைந்து புள்ளிகளே எஞ்சும். தாளை அங்குலத்தின் 216 இல் ஒரு பங்கு நகர்த்தி ஒரே வரியைப் பலமுறை அடித்து இக்குறையை ஈடுசெய்யலாம். அதற்கு நேரம் பல மடங்காகும். 24 ஊசிப் பொறிகளில் ஊசியிடைவெளி அங்குலத்தின் 180 இல் ஒரு பங்காதலால் தமிழ் தெளிவாகவே வரும். பொறியின் விலை கூடும்.

நடைமுறைக்கேற்ற வழியொன்று உண்டு. தலைப்புகளை அச்சகத்திலே தமிழில் முன்கூட்டியே அச்சிட்டுத் தொடர்தாளாகப் பெற்றுக்கொண்டால், பொறி இலக்கங்களை மட்டும் நிரப்பினாற் போதும். இலக்கத்துக்கு மொழியில்லை, ஒன்பது ஊசியும் அதற்குத் தாராளம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய நாட்டிலே இதனைக் கேட்பது மிகையான கோரிக்கையன்று. ஆனால் முன்னர் கூறியவாறு முன்னச்சுத் தாளுக்கு ஒரு வரித் தவறும் ஆகாது. தமிழ்த் துண்டு கேட்போர் தாளைச் சரியாக ஏற்றுவதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

பெயரின் நிலையும் கவனிக்கத்தக்கது. நிரலொன்றுக்கு இத்தனை எழுத்து என வகுத்த கணனியில் நீண்ட பெயர் நடுவே அறுபடும். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் செக்ரோலில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெயர்கள், ஓய்வுபெற்றுச் சேமலாப நிதி கோரும் நாளிற் பெருந்தடையாகின்றன. அந்நாளிற் பழைய துண்டுகளே சான்று. ரிபன் மை வெயிலில் மங்கும். காபனற்ற படித்தாளின் எழுத்து அதைவிட விரைவில் மங்கும். துண்டுகளைக் கடதாசி உறையில், வெளிச்சம் படாத இடத்தில் வைப்பது நன்று.

சம்பளம் மாதத்தின் 10 ஆம் திகதியை அண்டி வழங்கப்படுவதால் முந்திய ஓரிரு இரவுகளில் அலுவலகம் அவசரத்தில் இருக்கும். முதற் பக்கத்தின் மூன்று துண்டுகளையும், பெட்டியின் நடுவிலிருந்து ஒரு பக்கத்தையும், கடைசிப் பக்கத்தையும் செக்ரோலோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கால்மணி நேரம் செல்லும். தோட்டக் கமிட்டித் தலைவர் ஒருவரும் அப்போது உடனிருப்பது நல்லது. அவர் பார்க்கவேண்டியவை மூன்று: இலக்கம் தத்தம் தலைப்புக்கு நேரே நிற்கின்றதா, எட்டின் இடுப்பு தெரிகின்றதா, கீழ்ப்படியைச் சாதாரண விளக்கொளியிற் படிக்க முடிகின்றதா என்பன.